கணினிக் கேள்வி பதில்: வெற்றுத் தகட்டில் கோப்புகளை எழுதுதல்

பென் டிரைவும் இணையச் சேமிப்பும் வந்த பிறகு சிடியும் டிவிடியும் வழக்கொழிந்துவிட்டன என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், ஸ்கேன் மையங்களும் நீதிமன்றங்களும் பழைய கார்களும் தகட்டை இன்னும் கைவிடவில்லை என்பது வாசகர்களின் கடிதங்களிலிருந்து தெரிகிறது. தனியாக மென்பொருள் எதையும் வாங்காமல், கணினியில் ஏற்கெனவே இருக்கும் வசதிகளைக் கொண்டே தகட்டில் எழுதுவது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில் தரப்படுகிறது.

கேள்வி: விண்டோஸ் 11 உள்ள என் மடிக்கணினிக்கு யூஎஸ்பியில் பொருத்தும் டிவிடி ரைட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். வெற்று டிவிடியைப் போட்டதும் ஒரு சிறிய சாளரம் திறந்து, இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் மூடிவிடுகிறேன். விளக்க வேண்டுகிறேன்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தச் சாளரத்தில் நீங்கள் சொல்லும் விடையைப் பொறுத்தே அந்தத் தகடு பிற்பாடு எங்கெல்லாம் திறக்கும், எங்கெல்லாம் திறக்காது என்பது முடிவாகிறது. ஆகவே அவசரப்பட்டு எதையாவது அழுத்தாமல் மூடிவிட்டது நல்லதுதான்.

முதல் வழியின் பெயர் ‘லைக் எ யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ்’. இதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் அந்தத் தகட்டை யூடிஎஃப் என்ற கோப்பு அமைப்பில் (தகட்டில் கோப்புகளை அடுக்கும் முறையில்) வடிவமைத்து, அதன்பின் நீங்கள் இழுத்துப் போடும் ஒவ்வொரு கோப்பையும் அப்போதைக்கப்போதே தகட்டில் எழுதிவிடும். இன்று நான்கு கோப்பு, அடுத்த வாரம் பத்துக் கோப்பு என்று சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாம் வழியின் பெயர் ‘வித் எ சிடி ஆர் டிவிடி பிளேயர்’. இதில் நீங்கள் போடும் கோப்புகள் முதலில் வன்தட்டில் ஒரு தற்காலிகக் கோப்புறையில் காத்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து முடித்த பிறகு நீங்கள் கட்டளையிட்டால்தான் அவை மொத்தமாகத் தகட்டுக்குச் செல்லும். அவ்வாறு எழுதப்படும் தகடு பழைய கணினிகள், டிவிடி பிளேயர்கள், கார்களில் உள்ள பிளேயர்கள் முதலியவற்றிலும் பெரும்பாலும் திறக்கும்.

‘பென் டிரைவ் போல’ என்ற முதல் வழி பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றுவதால் பலரும் அதையே அழுத்துகிறார்கள். ஆனால் டிவிடி-ஆர், சிடி-ஆர் போன்ற ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய தகட்டில் அந்த ஒப்புமை பாதிதான் பொருந்தும். அதிலிருந்து ஒரு கோப்பை நீங்கள் அழித்தால் பட்டியலிலிருந்து பெயர் மறையுமே தவிர, அது பிடித்திருந்த இடம் திரும்பக் கிடைக்காது. எழுத்து ‘ஆர்டபிள்யூ’ என்று முடியும் தகடுகளில் மட்டுமே அழித்த இடத்தை மீண்டும் பயன்படுத்த முடியும். என் பரிந்துரை இதுதான்: பிறரிடம் கொடுக்கப்போகும் தகடு எதுவானாலும், பல ஆண்டுகள் வைத்திருக்கப்போகும் தகடு எதுவானாலும் இரண்டாம் வழியையே தேர்ந்தெடுங்கள். உங்கள் வீட்டுக் கணினியிலேயே போட்டு எடுக்கப்போகும் ஆர்டபிள்யூ தகட்டுக்கு மட்டும் முதல் வழியைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாம் வழியில் செய்யவேண்டியவை வருமாறு. சாளரத்தில் தகட்டுக்கு ஒரு தலைப்பைக் கொடுத்து, வழியைத் தேர்ந்தெடுத்து, ‘நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரில் டிவிடி டிரைவ் காலியாகத் திறக்கும். வேண்டிய கோப்புகளையும் கோப்புறைகளையும் அதில் இழுத்துப் போடுங்கள். அல்லது கோப்பின் மீது வலச் சொடுக்கு செய்து, ‘சென்ட் டு’ பட்டியலில் டிவிடி டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இப்போது கோப்புகள் சற்று மங்கலாக, கீழ்நோக்கிய ஒரு சிறிய அம்புக்குறியுடன் தெரியும். இவை இன்னும் தகட்டில் எழுதப்படவில்லை என்பதற்கான அடையாளம் அது. எல்லாம் சேர்ந்த பின் டிரைவின் மீது வலச் சொடுக்கு செய்து ‘பர்ன் டு டிஸ்க்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், தலைப்பையும் வேகத்தையும் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதத் தொடங்கும். முடிந்ததும் தட்டு தானாக வெளியே வரும். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இதே கட்டளை மேலே உள்ள ‘டிரைவ் டூல்ஸ்’ பட்டையில் ‘ஃபினிஷ் பர்னிங்’ என்ற பெயரில் இருக்கும்.

தலைப்பைத் தமிழில் வைக்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் வழியில் பயன்படும் ஜோலியட் எனப்படும் அமைப்பில் தகட்டின் தலைப்புக்கு 16 குறியீடுகளுக்குத்தான் இடம் உண்டு. தமிழில் அகரம் ஏறிய க, ப போன்றவை தவிர்ந்த உயிர்மெய்யும் புள்ளி எழுத்தும் யூனிகோடு முறையில் இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதால், ‘குடும்பப் படங்கள்’ என்று நம் கண்ணுக்குப் பத்தே எழுத்தாகத் தெரியும் தலைப்பு, நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்து 17 குறியீடுகளாகிவிடுகிறது. கோப்புப் பெயர்களுக்கும் அதே அமைப்பில் 64 என்ற வரம்பு உண்டு. ‘பெரியப்பா மகள் திருமண வரவேற்பு மேடையில் எடுத்த படம்’ என்பதைவிடவும் நீளமாகப் பெயரிடும் பழக்கம் உள்ளவர்கள் எழுதுவதற்கு முன்பே பெயர்களைச் சுருக்கிக்கொள்வது நல்லது.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். சிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு 150 கிலோபைட். டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு ஏறத்தாழ 1.38 மெகாபைட். ஆகவே இரண்டிலும் 8எக்ஸ் என்று போட்டிருந்தாலும் வேகம் ஒன்றல்ல. ஒரு முழு டிவிடி 8எக்ஸ் வேகத்தில் கணக்குப்படி ஏழு நிமிடத்தில் முடிய வேண்டும். தொடக்கத்துக்கும் முடிப்பதற்கும் ஆகும் நேரம் தனி. பட்டியலில் காட்டப்படும் அதிகபட்ச வேகத்தை விட்டு, நடுத்தரமான ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே என் வழக்கம். மலிவான தகடுகள் உச்ச வேகத்தில் எழுதப்படும்போது வெளி விளிம்புப் பகுதியில் பிழைகள் கூடுவது உண்டு. எழுதும் நேரத்தில் மடிக்கணினி உறக்க நிலைக்குச் செல்லாதபடி மின் இணைப்பில் வைத்திருங்கள். யூஎஸ்பி ரைட்டரை ஹப் வழியாக இணைக்காமல் கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள். தகட்டைச் சுழற்றவும் லேசரை இயக்கவும் தேவையான மின்சாரம் முழுவதையும் அந்தக் கம்பி வழியாகத்தான் ரைட்டர் பெறுகிறது.

கேள்வி: அலுவலகக் கணினியில் என் படங்களை எல்லாம் ஒரு சிடியில் போட்டேன். அந்தக் கணினியில் பார்த்தால் படங்கள் தெரிகின்றன. ஸ்டூடியோவில் கொடுத்தபோது சிடி காலியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதற்குள் கணினியில் இருந்த படங்களையும் அழித்துவிட்டேன். மீட்க வழி உண்டா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பதற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மேலே கும்பகோணம் வாசகருக்குச் சொன்ன அந்த மங்கலான நிலையிலேயே உங்கள் படங்கள் நின்றுவிட்டன என்றே தோன்றுகிறது. டிரைவைத் திறந்தால் படங்கள் தெரியும். ஆனால் அவை தெரிவது தகட்டிலிருந்து அல்ல, வன்தட்டில் உள்ள தற்காலிகக் கோப்புறையிலிருந்து. ‘தகட்டில் எழுதவேண்டிய கோப்புகள் காத்திருக்கின்றன’ என்ற பொருளில் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்திருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

இந்தக் குறைபாடே உங்களுக்கு இப்போது உதவியாக அமைகிறது. விண்டோஸ் தற்காலிகக் கோப்புறையில் வைப்பது மூலக் கோப்பின் முழு நகலைத்தான். ஆகவே மூலப் படங்களை அழித்துவிட்டாலும் நகல்கள் அங்கே இருக்க வேண்டும். அதே கணினியில், அதே பயனர் கணக்கில் நுழைந்து, சிடி டிரைவைத் திறந்து, அம்புக்குறியுடன் தெரியும் படங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து வேறொரு கோப்புறைக்கு நகலெடுங்கள். டிரைவில் எதுவும் தெரியாவிட்டால், உங்கள் பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’ என்பதில் ‘லோக்கல்’, ‘மைக்ரோசாஃப்ட்’, ‘விண்டோஸ்’, ‘பர்ன்’ என்று வரிசையாக உள்ளே சென்று பாருங்கள். அதுவரை ‘டிலீட் டெம்பரரி ஃபைல்ஸ்’ என்ற கட்டளையை எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள். வட்டு இடத்தைச் சுத்தம் செய்யும் எந்தக் கருவியையும் இயக்காதீர்கள். படங்கள் கைக்கு வந்த பின் சிடியில் எழுதி, அதே சிடியை வேறொரு கணினியில் போட்டுப் பார்த்த பிறகே மூலத்தை அழிப்பதைப் பற்றி நினைக்கலாம்.

படங்கள் அம்புக்குறி இல்லாமல், மங்கலாகவும் இல்லாமல் தெரிந்தால் காரணம் வேறு. ‘பென் டிரைவ் போல’ என்ற வழியில் எழுதி, அமர்வை (ஒருமுறை எழுதத் தொடங்கி முடிக்கும் வேலையை) மூடாமலே தகட்டை வெளியே எடுத்திருப்பீர்கள். அமர்வு மூடப்படாத தகட்டை மற்றக் கணினிகள் காலியாகவே காணும். எழுதிய அதே கணினியில் அதைப் போட்டு, டிரைவின் மீது வலச் சொடுக்கு செய்து ‘க்ளோஸ் செஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வழக்கமாகத் தகட்டை எக்ஸ்புளோரர் வழியாக வெளியேற்றும்போது விண்டோஸ் தானாகவே அமர்வை மூடிவிடும். ஆனால் அந்த அமைப்பு அணைக்கப்பட்டிருந்தாலும், மூடி முடிப்பதற்குள் கம்பியைப் பிடுங்கிவிட்டாலும் தகடு திறந்தபடியே நின்றுவிடும். ஒவ்வொரு முறை மூடும்போதும் ஏறத்தாழ 20 மெகாபைட் இடம் செலவாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 700 மெகாபைட் கொண்ட சிடியில் பத்து முறை திறந்து மூடினால் 200 மெகாபைட் அதற்கே போய்விடும்.

கேள்வி: டிவிடி உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கிறது. என் கோப்புறையின் அளவு 4.5 ஜிபிதான். ஆனாலும் இடம் போதாது என்று கணினி சொல்கிறது. போலித் தகடா?
– வாசகர், மதுரை

பதில்: போலியில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. 470 கோடி பைட் என்பது விண்டோஸின் கணக்கில் 4.37 ஜிபி ஆகிறது. இதே காரணத்தால் 8.5 ஜிபி என்று போட்டிருக்கும் இரட்டை அடுக்கு டிவிடி 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகவும், 25 ஜிபி ப்ளூ-ரே 23 ஜிபி சொச்சமாகவும் தெரியும். சிடி மட்டும் இதற்கு விலக்கு. அதன் உறையில் உள்ள 700 என்பது 1024 கணக்கிலேயே போடப்பட்டது.

இன்னொரு சிறு காரணமும் சேரலாம். தகட்டில் ஒவ்வொரு கோப்பும் 2048 பைட் கொண்ட துண்டுகளாகவே இடம் பிடிக்கும். ஆயிரக்கணக்கில் மிகச் சிறிய கோப்புகள் இருந்தால் கோப்புறையின் அளவைக் காட்டிலும் கூடுதலான இடம் தேவைப்படும். விண்டோஸ் தானாகக் கோப்புகளை இரண்டு தகடுகளுக்குப் பிரித்துப் போடாது. நீங்கள்தான் பிரிக்க வேண்டும். உங்கள் சி டிரைவில் இடம் குறைவாக இருந்தாலும் இதே போன்ற அறிவிப்பு வரும் என்பதால், டிவிடி டிரைவின் ‘பிராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் ‘ரெக்கார்டிங்’ என்ற பக்கத்துக்குச் சென்று, தற்காலிகக் கோப்புகளுக்கு வேறொரு டிரைவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2010-ஆம் ஆண்டு வாங்கிய என் காரில் சிடி பிளேயர்தான் இருக்கிறது. எம்பி3 பாடல்களைக் கணினியிலேயே எழுதிப் போட்டால் ‘எர்ரர்’ என்று காட்டுகிறது. கடையில் எழுதி வாங்கிய சிடி மட்டும் பாடுகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் பிளேயரின் முகப்பில் எம்பி3 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீங்கள் எழுதிய சிடி யூடிஎஃப் அமைப்பில் இருப்பதுதான் சிக்கலாக இருக்க வேண்டும். காரில் உள்ள பழைய பிளேயர்கள் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 9660, ஜோலியட் ஆகிய அமைப்புகளை மட்டுமே படிக்கும். ‘வித் எ சிடி ஆர் டிவிடி பிளேயர்’ என்ற வழியில் சிடி-ஆர் தகட்டில் எழுதுங்கள். ஆர்டபிள்யூ தகட்டின் பரப்பு லேசர் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும் என்பதால், பழைய பிளேயர்கள் அதைப் படிக்கத் தடுமாறும். பாடல்கள் பெரும்பாலும் பெயர் வரிசையில் ஒலிக்கும் என்பதால், பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் இடுங்கள். தமிழ்ப் பெயர்கள் அந்தச் சிறு திரையில் கட்டங்களாகத் தெரியலாம். ஒலிப்பதற்கு அது தடையாவதில்லை.

முத்திரை இல்லையென்றால், ஆடியோ சிடியாகவே எழுத வேண்டும். அதற்குக் கோப்புகளை நகலெடுப்பது உதவாது. விண்டோஸ் 11-இல் ‘விண்டோஸ் மீடியா பிளேயர் லெகஸி’ என்ற பழைய செயலி இன்னும் இருக்கிறது. புதிதாக வந்த மீடியா பிளேயருடன் அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் ‘பர்ன்’ என்ற பக்கத்தைத் திறந்து, ‘ஆடியோ சிடி’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பாடல்களை இழுத்துப் போட்டு, ‘ஸ்டார்ட் பர்ன்’ பொத்தானை அழுத்துங்கள். எம்பி3 கோப்புகளைச் செயலியே விரித்து எழுதிக்கொள்ளும். இந்த வகையில் ஒரு சிடியில் 80 நிமிடப் பாடல்கள்தான் கொள்ளும். எம்பி3 கோப்புகளாகவே எழுதினால், 128 கேபிபிஎஸ் தரத்தில், ஏறத்தாழ 12 மணி நேரத்துக்குக் கொள்ளும். கடையில் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது எந்த வகை என்பதை, அதைக் கணினியில் போட்டுப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். கோப்புகள் ‘சிடிஏ’ என்ற ஒட்டுடன், ஓரிரு கிலோபைட் அளவில் தெரிந்தால் அது ஆடியோ சிடி.

கேள்வி: என் தாயாரின் எம்ஆர்ஐ ஸ்கேன் சிடி ஒன்றுதான் இருக்கிறது. வேறொரு மருத்துவரிடம் கொடுக்க இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். விண்டோஸில் ‘காப்பி டிஸ்க்’ என்ற கட்டளையே காணவில்லை.
– வாசகி, திருச்சி

பதில்: ஒரு தகட்டை அப்படியே மறுதகட்டுக்கு மாற்றும் கட்டளை விண்டோஸில் இல்லை. ஆனால் ஸ்கேன் சிடிக்கு அது தேவையும் இல்லை. வன்தட்டில் ஒரு புதிய கோப்புறையை உருவாக்கி, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி எக்ஸ்புளோரரை அமைத்துக்கொண்டு, சிடியில் உள்ள அனைத்தையும் அதில் நகலெடுங்கள். பிறகு வெற்று சிடியைப் போட்டு, இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கோப்புறைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் தகட்டில் போடுங்கள். கோப்புறையையே தூக்கிப் போட்டுவிடக் கூடாது. காரணம், ஸ்கேன் படங்கள் டைகாம் என்ற மருத்துவத் தரத்தில் சேமிக்கப்படுகின்றன. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ‘டைகாம்டிர்’ என்ற ஒரு கோப்பில் இருக்கிறது. அது தகட்டின் முதல் நிலையிலேயே இருந்தால்தான் மருத்துவரின் கணினி அதைக் கண்டுபிடிக்கும். படக் கோப்புகளின் பெயர்கள் ஒட்டுப் பெயர் ஏதுமின்றி, அர்த்தமற்ற எழுத்துகளும் எண்களுமாகத் தெரியும். அவற்றைப் புரியும்படி மாற்றி எழுதும் ஆசையைத் தவிர்த்துவிடுங்கள். மாற்றினால் அட்டவணைக்கும் படத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும்.

வன்தட்டில் எடுத்த நகலையும் அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த முறை ஸ்கேன் எடுக்கும்போது முந்தைய படத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவர்கள் கேட்பார்கள்.

கேள்வி: வழக்கறிஞர் ஒருவரிடம் இளநிலையாகப் பணிபுரிகிறேன். கடையின் கண்காணிப்புக் கேமராப் பதிவை டிவிடியில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. சாதாரணமாக எழுதினால் போதுமா?
– வாசகர், சேலம்

பதில்: எழுதுவது எளிது, அந்தப் பிரதி மாறவில்லை என்று காட்டுவதில்தான் கவனம் வேண்டும். உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டு அன்வர் எதிர் பஷீர் வழக்கில், உரிய சான்றிதழ் இன்றித் தாக்கல் செய்யப்பட்ட சிடிகளைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்ததை உங்கள் அலுவலகத்தில் அறிந்திருப்பார்கள். அப்போது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 63-ஆம் பிரிவாக இருக்கிறது. புதிய சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியையும்), அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் குறிக்க இடம் உண்டு. சட்டப் பகுதியை உங்கள் மூத்தவரிடமே விட்டுவிட்டு, கணினிப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய டிவிடி-ஆர் தகட்டையே பயன்படுத்துங்கள். ஆர்டபிள்யூ வேண்டாம், ‘பென் டிரைவ் போல’ என்ற வழியும் வேண்டாம். பதிவுக் கருவியிலிருந்து கிடைத்த கோப்பை அப்படியே எழுத வேண்டும். பார்ப்பதற்கு வசதியாக இருக்குமென்று வேறு வடிவத்துக்கு மாற்றினால் அது வேறு கோப்பாகிவிடும். கோப்பைத் திறக்கத் தனிப் பிளேயர் தேவைப்பட்டால், அதையும் அதே தகட்டில் தனிக் கோப்புறையில் சேர்த்துக் கொடுங்கள். எழுதுவதற்கு முன், விண்டோஸிலேயே உள்ள, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பவர்ஷெல்லைத் திறந்து, ‘கெட்-ஃபைல்ஹேஷ்’ என்ற கட்டளையைக் கோப்பின் முகவரியுடன் கொடுத்தால், ‘எஸ்ஹெச்ஏ-256’ முறையில் 64 இலக்கங்கள் கொண்ட ஒரு மதிப்பு கிடைக்கும். எழுதி முடித்த பின், தகட்டை வெளியே எடுத்து மீண்டும் போட்டு, தகட்டில் உள்ள கோப்புக்கும் அதே கட்டளையைக் கொடுங்கள். இரு மதிப்புகளும் இலக்கத்துக்கு இலக்கம் ஒன்றாக இருந்தால், பிரதி சரியாக இருக்கிறது என்று பொருள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் அந்தத் தகட்டை ஒதுக்கிவிட்டு வேறொன்றில் எழுதுங்கள். கோப்பின் பெயரை மாற்றினால் இந்த மதிப்பு மாறாது. உள்ளடக்கத்தில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும்.

கேள்வி: இணையத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை டிவிடியில் எழுதினேன். கணினி அந்த டிவிடியிலிருந்து தொடங்க மறுக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தகட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு பெரிய ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிந்தால், நீங்கள் கோப்பை நகலெடுத்திருக்கிறீர்களே தவிர, அதற்குள் இருக்கும் தகட்டு உருவத்தை (ஒரு முழுத் தகட்டின் அச்சு நகலை) எழுதவில்லை. ஐஎஸ்ஓ கோப்பின் மீது வலச் சொடுக்கு செய்து ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உடன் வருகிறது. சாளரத்தில் ‘வெரிஃபை டிஸ்க் ஆஃப்டர் பர்னிங்’ என்ற கட்டத்தைக் குறியிட்டுக்கொண்டால், எழுதியதை அதுவே சரிபார்த்துச் சொல்லும். சாதாரணக் கோப்புகளை எழுதும்போது இந்தக் கட்டத்தை ஏன் வைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.

வலச் சொடுக்கில் அந்தக் கட்டளை தெரியவில்லை என்றால், சுருக்கிய கோப்புகளைத் திறக்கும் ஏதோ ஒரு செயலி ஐஎஸ்ஓ கோப்பைத் தன்வசம் எடுத்துக்கொண்டிருக்கும். ‘ஓப்பன் வித்’ பட்டியலில் ‘விண்டோஸ் டிஸ்க் இமேஜ் பர்னர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். நீங்கள் இறக்கியது விண்டோஸ் 11-ஆக இருந்தால், அதன் ஐஎஸ்ஓ சாதாரண டிவிடியில் கொள்ளாது. இரட்டை அடுக்கு டிவிடியோ பென் டிரைவோ தேவை.

கேள்வி: மேக் கணினியில் டிஸ்க் யூட்டிலிட்டியில் இருந்த ‘பர்ன்’ பொத்தான் காணாமல் போய்விட்டது. இப்போது எப்படி எழுதுவது?
– வாசகி, சென்னை

பதில்: 2015-இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பில் அந்தப் பொத்தானை ஆப்பிள் நீக்கிவிட்டது. ஆனால் மேக்கில் கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரில் வசதி இருக்கிறது. ‘ஃபைல்’ பட்டியலில் ‘நியூ பர்ன் ஃபோல்டர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கோப்புறையில் வேண்டியவற்றை இழுத்துப் போட்டு, மேலே உள்ள ‘பர்ன்’ பொத்தானை அழுத்துங்கள். விண்டோஸைப் போல மேக் கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொள்ளாது. மூலக் கோப்புக்கான சுட்டியை மட்டுமே அந்தக் கோப்புறையில் வைக்கும். இதனால் வட்டில் இடம் மிச்சமாகிறது. ஆனால் எழுதுவதற்கு முன்பே மூலக் கோப்பை அழித்துவிட்டால், திருநெல்வேலி வாசகிக்குக் கிடைத்த வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காது. ஐஎஸ்ஓ கோப்பாக இருந்தால், ஃபைண்டரிலேயே அதைத் தேர்ந்தெடுத்து ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ கட்டளையைக் கொடுக்கலாம். ஃபைண்டரில் எழுதிய தகடு விண்டோஸ் கணினியிலும் திறக்கும்.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் வசிக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த சிடிகளில் சில இப்போது திறப்பதில்லை. எழுதும்போது ஏதாவது தவறு நடந்திருக்குமா, வைத்திருந்த முறையில் தவறா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இரண்டுமே காரணமாக இருக்கலாம். சிடி-ஆர் தகட்டில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். எழுதும் லேசர் அந்தச் சாயத்தில் புள்ளி புள்ளியாக மாற்றத்தை உண்டாக்குகிறது. படிக்கும் லேசர் அந்த வேறுபாட்டைக் காண்கிறது. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை மங்கச் செய்யும். சாயத்துக்கு மேலே உள்ள மெல்லிய உலோகப் படலத்தை ஈரக்காற்று அரிக்கும். கடற்கரை ஊர்களில் இந்த இரண்டாவது சிக்கல் கூடுதல்.

பலரும் அறியாத ஒன்று, சிடியின் பளபளப்பான அடிப்பக்கத்தைக் காட்டிலும் பெயர் எழுதும் மேல்பக்கமே மென்மையானது என்பதாகும். சிடியில் சாயப் படலமும் உலோகப் படலமும் மேல்பக்கத்துக்கு மிக அருகில், ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே இருக்கின்றன. கூர்மையான பேனாவால் அழுத்தி எழுதினால் கோடு தகவலின் மீதே விழும். டிவிடியில் அந்தப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. மென்முனை கொண்ட, தண்ணீர் அடிப்படையிலான மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். முடிந்தால் நடுத் துளையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில் மட்டும் எழுதுங்கள். காகித ஒட்டி ஒட்டாதீர்கள். அதன் பசை பூச்சைப் பாதிக்கலாம். தகடு சுழலும்போது சமநிலையும் குலையும். துடைக்க நேர்ந்தால் வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாக விழும் கீறல் ஒரே தடத்தை நெடுந்தூரம் தொடர்ந்து கெடுத்துவிடும். குறுக்காக விழும் கீறலைப் பிழை திருத்தும் முறை பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி, தகடுகளை நீண்ட காலம் வைத்திருக்க 20 பாகைக்கு மேற்படாத வெப்பத்தையும் 50 விழுக்காட்டுக்கு மேற்படாத ஈரப்பதத்தையும் பரிந்துரைக்கிறது. தூத்துக்குடியில் குளிரூட்டி ஓடும் அறையில்கூட அது இரவும் பகலும் கைகூடாது. செய்யக்கூடியது, ஒவ்வொரு தகட்டையும் கெட்டியான உறையில் செங்குத்தாக நிறுத்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களுடன் இறுக மூடும் பெட்டியில், வெளிச்சம் படாத அலமாரியில் வைப்பதுதான். ஆர்டபிள்யூ தகடுகளை நெடுங்காலச் சேமிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இப்போது திறக்காத சிடிகளை எறிந்துவிடாதீர்கள். ஒரு ரைட்டர் படிக்காததை இன்னொரு ரைட்டர் படிப்பது சாதாரணமாக நடப்பதுதான். குறிப்பாக மேசைக் கணினிகளில் உள்ள பெரிய டிரைவ்கள் மெல்லிய யூஎஸ்பி டிரைவ்களைவிடப் பொறுமையாகப் படிக்கும். தெரிந்தவர்களிடம் உள்ள இரண்டு மூன்று கணினிகளில் போட்டுப் பாருங்கள். திறந்த உடனே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நகலெடுக்க முயலாமல், முக்கியமான கோப்புறைகளைத் தனித்தனியாக எடுங்கள். ஒரு கெட்ட கோப்பில் டிரைவ் திணறி நின்றால் மற்றவையாவது கைக்கு வந்திருக்கும்.

மீட்டதை மீண்டும் தகட்டில் எழுதுவதானால் இரண்டு பிரதிகள் எழுதி, இரண்டையும் வெவ்வேறு நிறுவனத் தகடுகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் புறவன்தட்டிலும் போட்டு வையுங்கள். எழுதி முடித்தவுடன், மூலக் கோப்புறையிலும் தகட்டிலும் ‘பிராப்பர்ட்டீஸ்’ சாளரத்தைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒன்றாக உள்ளனவா என்று ஒப்பிடுங்கள். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்ற வரி வேறுபடலாம், ‘சைஸ்’ என்ற வரி வேறுபடக் கூடாது. வெற்றுத் தகடுகள் கிடைப்பதும் குறைந்துவருகிறது. பதிவு செய்யக்கூடிய ப்ளூ-ரே தகடுகளின் தயாரிப்பைச் சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. தேவையுள்ளவர்கள் நல்ல தகடுகள் கண்ணில் படும்போது வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் எழுதாத தகட்டின் சாயமும் நாளடைவில் கெடும் என்பதால், ஓரிரு ஆண்டுத் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம்.